விடை சரி, செய்கை எங்கே?

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் பிரதான மண்டபத்தில் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



சங்கச் செயலாளர் அக்கா இலண்டனுக்குத் தொலைபேசி எடுத்து, "நீர் டொக்டர்தானே, சீனி வருத்தம், பிறஷர் பற்றி ஒரு இருபது நிமிடம் சொல்லும்" என்று கேட்டார். "அக்கா, அதைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் ஒரு நகர சபை தன் காபன் உமிழ்வை எப்படிக் குறைக்கிறது என்று கதைக்கட்டா?" என்றேன். மறுபக்கத்தில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உம்மைப் போடமாட்டேன்" என்றார். அவருடைய முன்யோசனைக்கு என் நன்றி.

இந்த மண்டபத்துக்குள் வந்ததும் எனக்கு ஞாபகம் வந்தது இருட்டுத்தான். 1990 ஆம் ஆண்டு குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது எனக்குப் பத்து வயது. அதன்பின் என் பாடசாலைப் பருவத்தின் பெரும்பகுதி ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் கழிந்தது. போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அளந்து விட்ட மண்ணெண்ணெய், ஒரு திரி. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, அண்ணா பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலி பாடும். அவர் களைத்துப்போனால் செய்தி பாதியில் நின்றுவிடும். இன்றைய கணக்கில் பார்த்தால் அந்தக் காலத்தில் எங்கள் ஊரின் காபன் உமிழ்வு மிகமிகக் குறைவு. அதற்காக யாராவது எங்களுக்குப் பரிசு தரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. இல்லாமையை ஒழுக்கம் என்று பெயர் சூட்டிப் பெருமைப்பட முடியாது. குளிர்பெட்டி இல்லாத மருந்தகத்தையும் வெளிச்சம் இல்லாத பிரசவ அறையையும் கண்ட எவரும் அந்த நிலைக்குத் திரும்பச் சொல்லமாட்டார்கள். வெளிச்சமும் சூடும் மருந்தும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். அதே நேரம் உமிழ்வும் குறைய வேண்டும். கேள்வி அதுதான். அதனால்தான் அது கடினமாகவும் இருக்கிறது.

இன்னொரு ஞாபகம் எங்கள் கணித ரீச்சர். அவர் முன்வரிசையில் இருக்கிறார். ஆகவே பெயர் சொல்லாமல் தப்பிக்கிறேன். பக்கத்துக் கொப்பியைப் பார்த்து விடையை மட்டும் எழுதிவிட்டால் சிவப்பு மையில் இப்படி எழுதுவார்: "விடை சரி, செய்கை எங்கே?" பத்துக்கு இரண்டு புள்ளிதான் கிடைக்கும். அப்போது கோபம் வந்தது. நாற்பது வயது தாண்டிய பிறகு, நான் வசிக்கும் பகுதியின் சபை மண்டபத்தில் பொதுமக்களுக்கான கதிரையில் இருந்தபோது, அதே கேள்வியை நானே எழுந்து நின்று கேட்டேன்.

பிரித்தானியாவில் 2018 நவம்பரில் பிரிஸ்டல் நகர சபை "காலநிலை அவசரநிலை" என்று தீர்மானம் நிறைவேற்றியது. அந்நாட்டில் அப்படிச் செய்த முதல் சபை அதுவே. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ முந்நூறு சபைகள் அதே வழியில் சென்றன. பல சபைகள் 2030 ஆம் ஆண்டுக்குள் "தேறிய பூச்சியம்" என்று அறிவித்தன. அதாவது உமிழ்வை இயன்றவரை குறைத்து, குறைக்க முடியாத எச்சத்தை வேறு வழியில் ஈடுசெய்வது. நாட்டின் சட்டப்படியான இலக்கு 2050; சபைகள் அதற்கு இருபது ஆண்டுகள் முந்தப்போவதாகச் சொன்னார்கள். கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். விடை பூச்சியம். செய்கை எங்கே?

செய்கையின் முதல் வரி, எதை எண்ணுகிறோம் என்பது. ஒரு சபையின் உமிழ்வை மூன்று பங்காகப் பிரிக்கிறார்கள். முதற்பங்கு சபை தானே எரிப்பது: அலுவலகங்கள், நூலகங்கள், நீச்சல் தடாகங்களில் உள்ள வாயுக் கொதிகலன்கள், சபையின் வாகனங்களின் டீசல். இரண்டாம் பங்கு சபை வாங்கும் மின்சாரம். அது எங்கோ ஒரு மின் நிலையத்தில் எரிக்கப்பட்ட எரிபொருள். மூன்றாம் பங்கு மற்றவர்கள் சபைக்காகச் செய்வது: ஒப்பந்தக்காரரின் குப்பை லொறி, பாடசாலைச் சாப்பாடு, வீதி போடும் தார், கட்டடச் சீமெந்து. மூன்றாம் பங்குதான் பொதுவாக மிகப் பெரியது. எண்ணுவதற்கு மிகக் கடினமானதும் அதுவே.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. குப்பை லொறிகளைச் சபையே ஓட்டினால் அந்த டீசல் முதற்பங்கில் வரும். அதே வேலையை ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஒப்பந்தமாகக் கொடுத்தால் அது மூன்றாம் பங்குக்குப் போய்விடும். முதல் இரண்டு பங்குகளை மட்டும் வெளியிடும் சபையின் கணக்கில் உமிழ்வு குறைந்துவிட்டது என்று வரும். லொறியும் அதே, புகையும் அதே. அதேபோல், சபைக்குச் சொந்தமான வாடகை வீடுகளில் எரியும் வாயுவைச் சில சபைகள் தம் கணக்கில் சேர்க்கின்றன, சில சேர்ப்பதில்லை. ஆகவே "2030இல் பூச்சியம்" என்று இரண்டு சபைகள் சொன்னால், அவை ஒரே விடயத்தைச் சொல்கின்றன என்று நினைக்கக் கூடாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பிரித்தானியாவின் கடைசி நிலக்கரி மின் நிலையம் 2024 செப்ரெம்பர் 30 அன்று மூடப்பட்டது. கடலில் காற்றாலைகள் பெருகின. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் அலகு மின்சாரத்துக்கு வெளிவந்த காபனீரொட்சைட்டில் இன்று பாதிகூட வெளிவருவதில்லை. இதனால் எந்த வேலையும் செய்யாத சபையின் இரண்டாம் பங்குகூடத் தானாகவே குறைந்திருக்கிறது. வைத்தியர்களாகிய எங்களுக்கு இது நன்கு பழக்கமான விடயம். தடிமன் ஏழு நாளில் தானாக மாறும். மூன்றாம் நாள் நாங்கள் மருந்து கொடுத்தால் ஏழாம் நாள் பெயர் எங்களுக்கு. எனவே சபையின் ஆண்டறிக்கையைப் பார்க்கும்போது, "இதில் மின் வலையமைப்பால் குறைந்தது எவ்வளவு, நீங்கள் குறைத்தது எவ்வளவு?" என்று கேட்க வேண்டும். அன்று நான் கேட்ட கேள்வி இதுதான். பதில் சொல்லவேண்டிய அதிகாரி ஓர் இளம்பெண். முகம் மலர்ந்து, "இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன்" என்றாள். அவளிடம் இரண்டு எண்களும் தனித்தனியாக இருந்தன. அறிக்கையில் போட இடம் கிடைக்கவில்லையாம்.

ஒரு சபை தானே வெளிவிடுவது அந்தப் பகுதியின் மொத்த உமிழ்வில் 2 முதல் 5 வீதம் வரைதான் என்று பிரித்தானியாவின் காலநிலை மாற்றக் குழு 2020 டிசெம்பரில் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அப்படியானால் இவ்வளவு ஆரவாரம் எதற்கு? அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது: வீடு, வீதி, கட்டட அனுமதி, கழிவு என்பவற்றின் ஊடாகப் பகுதியின் உமிழ்வில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கில் சபைக்குக் கையிருக்கிறது. அந்த மூன்றிலொரு பங்கில்தான் என் நோயாளர்களும் வாழ்கிறார்கள். ஆகவே இனி அங்கே போவோம்.

முதலில் வீடு. என்னிடம் ஒரு சிறுமி வந்துகொண்டிருந்தாள். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றிச் சொல்கிறேன். எங்கள் ஆட்கள்தான். ஒவ்வொரு மாரியிலும் முட்டு இழுக்கும். அம்மம்மா தூக்கிக்கொண்டு வருவார். நான் பம்பு மாற்றினேன், மாத்திரை கூட்டினேன், வைத்தியசாலைக்கு அனுப்பினேன். ஒருநாள் அம்மம்மா தன் கைத்தொலைபேசியில் படுக்கையறைச் சுவரைக் காட்டினார். கட்டிலின் தலைமாடு முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். வீட்டைச் சூடாக்க வாயுவுக்குக் காசில்லை. ஒரு அறையை மட்டும் சூடாக்கிவிட்டு மற்ற அறைகளை அடைத்துவைத்திருந்தார்கள். ஒற்றைச் செங்கல் சுவரில் குளிர் ஏற, ஆட்களின் மூச்சிலிருந்த ஈரமெல்லாம் அதில் படிந்தது. நான் எழுதிய எந்த மருந்துச் சீட்டிலும் அந்தச் சுவர் இல்லை.

கட்டட உரிமையாளருக்குக் கடிதம் எழுதினேன். ஒன்றல்ல, நான்கு. கடைசியில் அந்தத் தொடர்மாடிக்கு வெளிச்சுவர்க் காப்பு அடித்தார்கள், யன்னல்களை மாற்றினார்கள், காற்றோட்டத்துக்கு விசிறி பூட்டினார்கள். வேலை நடந்தது உமிழ்வுக் குறைப்புத் திட்டத்தின் காசில். அடுத்த மாரியில் அந்தப் பிள்ளை ஒருதரம்தான் என்னிடம் வந்தாள், அதுவும் காதுக் குத்துக்கு. ஒரு பிள்ளையின் கதையை வைத்து நான் ஆராய்ச்சி முடிவு சொல்லவில்லை. ஆனால் காபன் என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பனிக்கரடி ஞாபகம் வருவதில்லை, அந்தச் சுவர்தான் வருகிறது. காப்பு அடிக்காத வீடு காசையும் வாயுவையும் சுவாசப்பையையும் சேர்த்தே தின்கிறது.

சூட்டை எங்கிருந்து எடுப்பது என்பதற்கு இலண்டன் இஸ்லிங்டன் சபை செய்த வேலை ஒன்றைச் சொல்லவேண்டும். நொதேர்ன் பாதையில் சிட்டி ரோட் என்று ஒரு நிலத்தடி நிலையம் இருந்தது, 1922இல் மூடிவிட்டார்கள். ஆனால் அதன் காற்றுக்குழி மூடப்படவில்லை. சுரங்கத்தில் ரயில்கள் ஓடியும் பிரேக் பிடித்தும் உண்டாகும் வெப்பக்காற்று பல ஆண்டுகளாக அதன் வழியே வீணாக வெளியேறியது. சபை அந்தக் குழியில் ஒரு பெரிய விசிறியைப் பூட்டி, அந்தக் காற்றின் சூட்டை வெப்பப் பம்பியால் எடுத்து, நீரைச் சூடாக்கி, நிலத்தடிக் குழாய்களில் வீடுகளுக்கு அனுப்பியது. வெப்பப் பம்பி புதுமையானதல்ல. எங்கள் வீட்டுக் குளிர்பெட்டி உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துப் பின்பக்கத்தால் விடுகிறதே, அதே வேலைதான். பன்ஹில் என்ற இந்தத் திட்டத்தின் முதற்கட்டம் 2012இல் தொடங்கியது. சுரங்கச் சூட்டை எடுக்கும் இரண்டாம் கட்டம் 2020 மார்ச்சில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 1,350 வீடுகளும் ஒரு ஆரம்பப் பாடசாலையும் இரண்டு விளையாட்டு நிலையங்களும் அதில் இணையக்கூடியதாக அமைத்தார்கள். கோடையில் விசிறியை மறுபக்கம் சுற்றவைத்துச் சுரங்கத்துக்குக் குளிர்காற்றும் அனுப்பலாம். வீணாகப் போனதைப் பிடித்து ஆட்களுக்குப் பயன்படுத்துவது, மிஞ்சிய சோற்றைப் பழஞ்சோறாக்கும் எங்கள் அம்மாமாருக்குப் புரியாத தத்துவமில்லை.

அடுத்தது சட்டம். ஒரு சபைக்குக் காசில்லாவிட்டாலும் கட்டட அனுமதி அதன் கையில் இருக்கிறது. தெற்கு இலண்டனில் எம்மவர் பலர் வாழும் மேர்ட்டன் பகுதிச் சபை 2003இல் ஒரு விதி கொண்டுவந்தது. ஆயிரம் சதுர மீற்றருக்கு மேற்பட்ட புதிய வர்த்தகக் கட்டடம் கட்டுவோர், அக்கட்டடத்துக்குத் தேவையான சக்தியில் குறைந்தது 10 வீதத்தை அந்த இடத்திலேயே சூரிய ஒளி போன்ற புதுப்பிக்கத்தக்க வழியால் பெறவேண்டும். அப்போது நாட்டில் எங்கும் அப்படி ஒரு விதி இருக்கவில்லை. ஆனால் மற்றச் சபைகள் அதைப் பார்த்து எழுதின. "மேர்ட்டன் விதி" என்று பெயரும் வந்தது. 2008இல் பாராளுமன்றமே சட்டம் இயற்றி, இப்படி விதி வைக்கும் அதிகாரத்தை இங்கிலாந்து, வேல்ஸ் சபைகளுக்கு உறுதிப்படுத்தியது. இதில் எனக்குப் பிடித்தது அந்தப் 10 வீதம் அல்ல, அது கேட்கப்பட்ட நேரம். வரைபடம் மேசையில் இருக்கும்போது கேட்டார்கள். கட்டி முடித்த கூரையை உடைத்துச் செய்வதைவிட வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றுவது எவ்வளவு மலிவு!

மூன்றாவது காசு. வோக்கிங் என்ற சிறிய பட்டினத்தின் சபை தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சுழற்சி நிதியை உருவாக்கியது. எங்கள் சீட்டுப் போலத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிதியில் ஒரு கட்டடத்தின் விளக்குகளையும் கொதிகலனையும் மாற்றுவார்கள். மின்கட்டணத்தில் மிச்சம் பிடித்த காசு மறுபடி நிதிக்குள் வரும். அதில் அடுத்த கட்டடம். பிறகு சொந்தமாக ஒரு சக்தி நிறுவனத்தையே நிறுவி, பட்டினத்துக்கு மின்சாரமும் சூடும் வழங்கினார்கள். வேறு ஊர்களிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். கதையை இதோடு நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனால் அதே சபை பெரிய கட்டட முதலீடுகளுக்காக வாங்கிய கடனில் அகப்பட்டு, 2023 யூன் மாதம் தன் வரவு செலவைச் சமப்படுத்த முடியாது என்று அறிவித்தது. நல்ல பெயர் பெற்ற சபை என்பதற்காக அதன் கணக்கைப் பார்க்காமல் விடக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

வெஸ்ட் பார்க்ஷயர் சபை 2020இல் வேறொரு வழி கண்டது. சபைக்குச் சொந்தமான கூரைகளில் சூரிய மின்தகடு போடப் பொதுமக்களிடமே கடன் கேட்டது. ஐந்து பவுண் இருந்தாலும் சேரலாம். வட்டியோடு திருப்பித் தருவார்கள். சில மாதங்களில் பத்து இலட்சம் பவுண் சேர்ந்தது. பின்னர் இஸ்லிங்டனும் அதைச் செய்தது. ஐந்து பவுண் கொடுத்தவர் அடுத்த ஆண்டு, "என் தகடு எவ்வளவு மின்சாரம் தந்தது?" என்று கேட்பார் அல்லவா? எனக்கு அந்தக் கேள்வி வட்டியைவிடப் பெறுமதியானது.

நான்காவது வீதி. இந்த இடத்தில் நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

காபனீரொட்சைட்டு வெளியில் கலந்திருக்கும் அளவில் மூச்சை அடைப்பதில்லை. ஆனால் அதே புகைக்குழாயிலிருந்து வரும் நைதரசன் ஈரொட்சைட்டும் நுண்துகள்களும் அடைக்கின்றன. தெற்கு இலண்டன் லூயிஷாமில், வாகன நெரிசல் மிக்க ஒரு பெருவீதிக்கு அருகில் வாழ்ந்த எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமி கடும் ஆஸ்துமாவால் 2013 பெப்ரவரியில் இறந்தாள். வயது ஒன்பது. அவளுடைய தாய் ரோசமண்ட் ஒரு ஆசிரியை, விடாமல் போராடினார். 2020 டிசெம்பரில் மரண விசாரணை அதிகாரி, காற்று மாசும் இம்மரணத்துக்குக் காரணமாக அமைந்தது என்று தீர்ப்பளித்தார். பிரித்தானியாவில் ஒருவரின் மரணக் காரணமாகக் காற்று மாசு பதிவானது அதுவே முதல்முறை.

அந்த 2020 கோடையில்தான், பெருநோய்க் காலத்தில், நாங்கள் இருந்த பகுதியின் சபை பக்கத் தெருக்களில் பெரிய மரப்பூத்தொட்டிகளை வைத்து, கார்கள் ஊடறுத்துப் போவதைத் தடுத்தது. ஆட்கள் நடக்கவும் சைக்கிள் ஓடவும் வசதி என்றார்கள். எங்கள் தெருவிலும் தொட்டி வந்தது. பத்து நிமிடத்தில் கிளினிக்குக்குப் போன எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. பாதுகாப்பு உடையில் வேர்த்து விறுவிறுத்து வீடு வரும் நேரம் அது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மனுவைக் கொண்டுவந்தார். வாசிக்காமலே கையெழுத்து வைத்தேன். "டொக்டர்" என்ற பட்டத்தையும் பெயருக்கு முன்னால் போட்டேன், மனுவுக்குக் கனம் கூடட்டும் என்று. சில மாதங்களில் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். நாங்கள் வென்றோம்.

எலாவின் தீர்ப்புச் செய்தியை வாசித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்தத் தொட்டிகள் நல்லதா கெட்டதா என்று எனக்கு உண்மையில் தெரியாது. எங்கள் தெருவில் குறைந்த வாகனங்கள் பெருவீதிக்குப் போயிருந்தால், பெருவீதியோரத் தொடர்மாடிகளில் இருக்கும் பிள்ளைகளின் மூச்சுக்கு என்ன ஆகியிருக்கும்? அவர்களும் என் நோயாளர்கள்தானே. அல்லது, கொஞ்சக் காலம் பொறுத்திருந்தால் மொத்த வாகனமே குறைந்திருக்குமா? அளந்து பார்த்திருக்க வேண்டும். சபை எங்களைக் கேட்காமல் இரவோடிரவாகத் தொட்டி வைத்தது. அது அவர்களுடைய பிழை. எண்களைக் கேட்காமல் நான் கையெழுத்து வைத்தேன். அது என்னுடைய பிழை. வைத்தியராக ஒரு புது மருந்தை ஆதாரம் இல்லாமல் எழுதவும் மாட்டேன், நிறுத்தவும் மாட்டேன். குடியிருப்பாளராக இருந்தபோது அதைத்தான் செய்தேன். அதன் பிறகுதான் சபைக் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினேன்.

வீதிக் கட்டுப்பாட்டை ஆட்கள் ஏற்றுக்கொண்ட இடமும் உண்டு. நொட்டிங்ஹாம் நகரில் 2012 ஏப்ரல் முதல், பதினொன்றும் அதற்கு மேலும் கார் தரிப்பிடங்களை ஊழியர்களுக்கு வழங்கும் நிறுவனங்கள் ஒவ்வொரு தரிப்பிடத்துக்கும் ஆண்டுதோறும் சபைக்குக் கட்டணம் செலுத்துகின்றன. எதிர்ப்பு இருந்தது. ஆனால் அந்தக் காசு எங்கே போகிறது என்று எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். நகரின் ட்ராம் பாதை அதனால் நீண்டது. 2015இல் புதிய பாதைகள் திறந்தன. காரை விடு என்று சொல்வதற்கு முன்னால் ஏறுவதற்கு ஒரு வண்டியைக் காட்டவேண்டும் என்பதே அங்கிருந்து நான் படித்தது.

மற்றவர்களின் கணக்கைப் பார்க்கும் நான் என் துறையின் கணக்கையும் சொல்லவேண்டும். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2020இல் தன் நேரடி உமிழ்வுக்கு 2040 என்றும் மொத்தத்துக்கு 2045 என்றும் இலக்கு வைத்தது. அச்சேவையின் மொத்த உமிழ்வில் ஏறத்தாழ 3 வீதம் முட்டுக்குப் பாவிக்கும் பம்புகளிலிருந்து வருகிறது என்றால் நம்புவீர்களா? மருந்தல்ல, அதைத் தள்ளிவிடும் வாயுதான் காரணம். அது காபனீரொட்சைட்டைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சூடேற்றுவது. வாயு இல்லாத தூள் வகைப் பம்புகளும் உண்டு, பொருத்தமானவர்களுக்கு மாற்றலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: இதைக் கேட்டுவிட்டு யாரும் தங்கள் பம்பை நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். உங்கள் வைத்தியரோடு கதைத்த பிறகே எதையும் செய்யுங்கள். பூமியைக் காப்பாற்ற உங்கள் மூச்சை விடவேண்டியதில்லை.

இனி, இதெல்லாம் எங்களுக்கு எதற்கு? இலங்கையில் ஒருவர் சராசரியாக வெளிவிடும் காபன் பிரித்தானியாவில் ஒருவர் வெளிவிடுவதைவிட மிகக் குறைவு. ஆகவே இங்கே வந்து நின்று உங்களுக்குப் பிரசங்கம் செய்யும் தகுதி இலண்டனில் வாழும் எனக்கு இல்லை. அதிகம் குறைக்கவேண்டியவர்கள் நாங்கள்தான். என் பேச்சின் பெரும்பகுதி கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் நோர்வேயிலும் வாழும் பழைய மாணவிகளுக்கு. உங்கள் பகுதிச் சபைக்கும் ஏதோ ஒரு இலக்கு இருக்கக்கூடும். இந்த மலர் உங்கள் கைக்கு வந்ததும் ஒரு மின்னஞ்சல் எழுதி மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உங்கள் பூச்சியத்துக்குள் எவற்றைச் சேர்த்தீர்கள், எவற்றை விட்டீர்கள்? கடந்த ஆண்டு குறைந்ததில் உங்கள் வேலையால் குறைந்தது எவ்வளவு? வரும் ஆண்டுக்கு எந்தக் கட்டடம், எவ்வளவு காசு, யார் பொறுப்பு? மூன்றுக்கும் பதில் வந்தால் அந்த அதிகாரிக்கு நன்றி சொல்லுங்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல யாருமே வருவதில்லை.

இங்கு வாழும் உங்களுக்கும் ஒரு சொல். 2018க்குப் பிறகு 2025 மே மாதத்தில்தான் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. எங்கள் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளில் மறுபடியும் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். தெருவிளக்கு, குப்பை, சந்தை, கட்டட அனுமதி எல்லாம் அவர்கள் மேசையில் வருபவை. சந்தைக் கழிவைப் பிளாஸ்ரிக்கோடு கலந்து கொட்டினால் புகையும் நாற்றமும் மெதேன் வாயுவும். பிரித்தெடுத்தால் எங்கள் செம்மண்ணுக்குப் பசளை. அதற்குக் காலநிலை என்று பெயர் வைக்காவிட்டாலும் பரவாயில்லை. எத்தனை தொன் வந்தது, எத்தனை தொன் பசளையானது என்று மாதந்தோறும் வாசலில் ஒரு பலகையில் எழுதிவைக்கச் சொல்லுங்கள், போதும்.

கடைசியாக எங்கள் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகப் புதிய கட்டடம் கட்டப்போகிறோம். நாமெல்லாம் காசு தந்திருக்கிறோம், இன்னும் தருவோம். வரைபடம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. இப்போதே கேட்டால் செலவில்லை. கூரை எந்தப் பக்கம் சாய்கிறது? பின்னாளில் சூரிய மின்தகடு தாங்குமா? வகுப்பறை யன்னல்கள் காற்று ஊடுருவும்படி எதிரெதிராக இருக்கின்றனவா, இல்லையேல் பத்தாம் ஆண்டில் குளிரூட்டி பூட்டத்தான் வேண்டுமா? முற்றத்து வேம்பைத் தறிக்காமல் அத்திவாரம் போடமுடியாதா? பழைய கட்டடத்தின் உயரமான கூரையையும் அகன்ற விறாந்தையையும் கட்டியவர்கள் காபன் என்ற சொல்லைக் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் மின்சாரமே இல்லாத அந்த ஆண்டுகளில் நாங்கள் அதற்குள் வேர்க்காமல் இருந்து படித்தோம். திறப்புவிழாக் கல்வெட்டில் எங்கள் பெயர்கள் வரும். பக்கத்தில், கட்டடம் ஆண்டொன்றுக்கு எத்தனை அலகு மின்சாரம் பாவிக்கிறது என்றும் பிள்ளைகள் தாங்களே எழுதி மாற்றக்கூடிய ஒரு கரும்பலகை இருக்கட்டும்.

ரீச்சர், அன்று இரண்டு புள்ளி போட்டதற்காக உங்களோடு கோபித்தேன். இன்று எழுந்து நின்று நன்றி சொல்கிறேன். செய்கையைக் காட்டியிருக்கிறேன் என்று நம்புகிறேன். பிழையிருந்தால் சிவப்பு மையில் குறியுங்கள், திருத்தி எழுதிவருகிறேன்.

எம் கல்லூரி அன்னை நீடு வாழ்க!